ஆடியில் யாருக்குக் கல்யாணம்

அவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று போன் வந்தபோது நான் மேற்கு மாம்பலத்தில் காய்கறிக் கடையில் நின்று வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியையும் ஒடித்துப் பார்த்தே பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பையை வாங்கித் தட்டில் கொட்டிவிட்டு, இரண்டு முற்றலாக இருக்கிறதே என்றாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் முடிந்தது. அழுகையோ படபடப்போ வரும் என்று நானும் காத்திருந்தேன், வரவில்லை. அதெல்லாம் மகன் விஷயத்தில் முன்பே செலவாகிவிட்டிருந்தது.

மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, வலிக்குக் கொடுத்த மாத்திரை மட்டும் அவனை விடவில்லை. டாக்டர் சீட்டு முடிந்ததும் சீட்டில்லாமல் கிடைக்கும் மாத்திரையைத் தேடிப் போனான். திட்டினோம், காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம், அறையில் வைத்துப் பூட்டினோம், பரிகாரம் செய்தோம். பரிகாரத்துக்குப் போன கோவிலிலேயே அவன் பாக்கெட்டில் மாத்திரை இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் இவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டிய ஆள். ஒரு காலத்தில் அவரே ஊசி போட்டுக்கொண்டவர். முழங்கையில் தழும்புகள் இருக்கும், அவற்றை மறைக்காமல் அரைக்கைச் சட்டையோடுதான் திரிவார். போதையில் விழுந்தவனை ஜெயிலுக்கு அனுப்பாதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அதற்கேற்பச் சட்டத்தை மாற்று என்பது அவர் கட்சி. அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார், மனுக் கொடுப்பார், கூப்பிட்ட இடத்திலும் கூப்பிடாத இடத்திலும் பேசுவார். இப்படிப் பேசுகிறவரைப் போலீஸ் எத்தனை நாள் சும்மா விடும் என்று நான் மனைவியிடம் சொன்னதுண்டு. அவர் காதில் விழும்படி சொல்லவில்லை.

பேச்சைவிட அவர் வேலை எளிமையானது. தெரிந்த டாக்டர் ஒருவர் ஒவ்வொரு பையனையும் பார்த்து, இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறை என்று சொல்லுவார். பையன்கள் தங்களிடம் இருக்கிற மாத்திரையை எல்லாம் நம்மவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் காலையில் வீடு வீடாக வந்து அன்றைக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுத்து, எதிரிலேயே விழுங்க வைத்துவிட்டுப் போவார். அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை நாங்களே வைத்திருந்து கொடுக்கிறோமே என்று என் மனைவி கேட்டாள்.

"வேணாம்மா. பெத்தவங்க கைல கீறதும் அவன் கைலயே கீறதும் ஒண்ணுதான். அழுதான்னா குட்த்துருவீங்க," என்றார்.

எல்லா வீட்டிலும் இதையே சொல்வார் என்று பிறகு தெரிந்தது. மகன் அழுது என் மனைவி கொடுத்த நாள்கள் எங்கள் வீட்டிலும் இருந்தன.

யார் பெயரையும் அவர் எழுதி வைப்பதில்லை. எங்காவது மாட்டிக்கொண்டால் பையன்கள் பெயர் போலீஸ் கைக்குப் போகக் கூடாது என்பார். அவரவர் மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கலர் ரப்பர் பேண்டால் சுற்றி வைப்பார். எங்கள் மகனுக்குப் பச்சை. எந்தக் கலர் யாருடையது என்று அவருக்கும் அந்தந்த வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த நல்ல எண்ணம்தான் அவரைக் கவிழ்த்தது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் போலீஸ் மறித்துப் பையைக் கொட்டியபோது கலர் கலராகக் கட்டிய குட்டிக் கவர்கள் விழுந்தன. சில்லறை வியாபாரத்துக்குக் கட்டிய பொட்டலம் மாதிரியே இருந்தன. விற்பதற்கு வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். சரக்கைப் பார்த்தால் எனக்குத் தெரியும். செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, விஷயம் தெரியாதவனாக இருந்தால் நானும் வியாபாரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவருக்காக வாதாட வந்தவர் மயிலாப்பூரில் ஒரு மாடியறையில் இருந்த இளம் வக்கீல். சின்னப் பெண், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். குடும்பங்கள் முன்னால் வந்து, இந்தக் கலர் எங்களுடையது, பத்திரமாக வைத்துக் குறைத்துக் கொடுக்கச் சொல்லி நாங்கள்தான் ஒப்படைத்தோம் என்று கையெழுத்துப் போட்டுச் சொன்னால் ஜாமீன் கிடைக்க வழி உண்டு என்றார். சொன்னால் வீட்டு விலாசத்தோடு பையன் பெயர் கோர்ட்டுக்குப் போகும், மாத்திரை எங்கே வாங்கினாய் என்று கேட்டுப் போலீஸ் வாசலுக்கு வரலாம் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் உள்ளேயே இருப்பார், வழக்கு முடிகிற வரைக்கும் என்றார்.

நான் ரிட்டையர் ஆனவன், வேலை வெட்டி இல்லாதவன், அதனால் வீடு வீடாகப் போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடையாறு, மயிலாப்பூர், ராயப்பேட்டை என்று போனேன். போன இடத்தில் எல்லாம் அவரைத் தெய்வம் என்றார்கள். காபி கொடுத்தார்கள். கோர்ட்டுக்கு வர முடியுமா என்று கேட்டால், பார்க்கலாம் சார் என்றார்கள். இந்த ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் புடவையைத் திருப்பித் தந்தால் மடித்து அடுக்குவது போல, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைத்து வக்கீலைப் பேச வைத்தால் மனம் மாறலாம் என்று தோன்றியது. யார் வீட்டிலும் கூட முடியாது, தெரு கேட்கும். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று கிளம்பினால் எவர் கேட்பார் என்று என் மனைவிதான் யோசனை சொன்னாள். வைகாசி மாதம், ஊர் முழுக்க முகூர்த்தம். தி. நகரில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்த சின்ன ஹாலை, வரவேற்பு என்று சொல்லிப் பிடித்தேன்.

வந்தார்கள். அத்தனை பெண்களும் பட்டில் வந்தார்கள். மாம்பழக் கலர், எம்.எஸ். ப்ளூ, ஜரிகை கறுத்துப்போன பழைய கல்யாணப் புடவை, எல்லாம் வந்தன. ராயப்பேட்டை அம்மா ஜரிகை துப்பட்டாவில் வந்தார். மற்றவர்களுக்குக் கொண்டை நிறையப் பூ. என் கையால் விரித்துக் காட்டிய புடவையே ஒன்றிரண்டு அதில் இருந்திருக்கும். ஹால்காரர் பாவம், மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சிவப்பு சோபா போட்டு, பின்னால் தெர்மாகோலில் இரண்டு அன்னப்பறவை ஒட்டியிருந்தார். மைக் வயர் அந்த சோபா வரைக்கும்தான் எட்டியது. வக்கீல் கறுப்புக் கோட்டோடு மணப்பெண் இடத்தில் உட்கார்ந்து போதைப்பொருள் சட்டத்தை விளக்கினார். மாப்பிள்ளை எங்கே சார் என்று ஹால்காரர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே இருக்கிறார் என்றேன். அதில் பொய் இல்லை.

அங்கேதான் மயிலாப்பூர் மாமி என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரக்குக் கலர் காஞ்சிபுரம், மடிப்புக் கலையாமல் இருந்தது. மடியில் பளபளப்பான தாள் சுற்றிய ஒரு பரிசுப் பெட்டி. உள்ளே சுவர்க் கடிகாரமாம். கணவர் ஸ்கூட்டரில் கொண்டு வந்து வாசலில் விட்டிருந்தார். வெறுங்கையோடு போனால் அவருக்குச் சந்தேகம் வருமே என்று அதையும் வாங்கி வந்திருந்தார். மகன் விஷயம் கணவருக்கே தெரியாது. படிப்புச் சுமை, தூக்கமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஓட்டியிருக்கிறார். எங்களுக்குப் பச்சை என்று என் மனைவி சொன்னாள். எங்களுக்குச் சிவப்பு என்று அவர் சொன்னார். பையன்கள் எந்த ஸ்கூல் என்று விசாரித்துக்கொள்வது போல இருந்தது.

பிறகு என்னைப் பார்த்து, "பேர் இல்லாம சொல்றதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு அந்தப் பொண்ணைக் கேளுங்கோளேன். ஆத்துல அவருக்கே தெரியாது. கோர்ட்ல பேர் வந்துடுத்துன்னா நான் எங்க போய் நிப்பேன்?" என்றார்.

கேட்டேன். வழி இல்லை. வக்கீல் பேசி முடித்துவிட்டு, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் கையும் உயரவில்லை. எங்கள் கையும்தான். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அன்னப்பறவையைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் கீழே இறங்கி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பார் சாதம் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டோம். வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். கடிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மாமி அதை வக்கீல் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது.

அவர் உள்ளே போன நாளிலிருந்து மாத்திரை மறுபடி மகன் கையில்தான் இருந்தது. இறங்கிக்கொண்டிருந்த அளவு ஏறியது. நான் காலையில் எழுந்ததும் அவன் அறை வாசலில் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் பால் வாங்கப் போவேன். கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நினைப்பு அந்த இடத்துக்குப் போகாமல் மரத்துப்போய் நின்றுவிடும்.

ஆனி மாதம் மயிலாப்பூர் மாமியின் மகன் இறந்துபோனான். குளியலறைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம். நாங்கள் போனபோது மாமியின் கணவர் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் ஹார்ட் அட்டாக், இந்த வயசில் ஹார்ட் அட்டாக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. திரும்பி வரும்போது நான் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்று, எந்த பஸ் மாம்பலம் போகும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவன் நான். மகனிடம் விஷயத்தைச் சொன்னோம். சிவப்பா என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அடுத்தது யார் என்ற கேள்வி வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டாவது ஜாமீன் மனு ஆடி மாதத்தில் விசாரணைக்கு வந்தது. சும்மா போய் உட்கார்ந்துவிட்டாவது வருவோம், அவருக்கு ஆளே இல்லை என்று ஆகக் கூடாது என்று பேசிக்கொண்டோம். கோர்ட் விஷயமாக வெளியே போனால் கல்யாண வேஷம் என்று கை பழகிவிட்டது போலிருக்கிறது. என் மனைவி பீரோவைத் திறந்து மயில்கழுத்துக் கலர் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பட்டிலேயே வாழ்ந்த எனக்கும் அது உறைக்கவில்லை. வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டுக்காரம்மா நிலைப்படியில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"பட்டெல்லாம் கட்டியிருக்கே. ஆடியில யாருக்குக் கல்யாணம்?"

மடத்தனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான். ஆனாலும் நான் வியாபாரி, பொய் நுனி நாக்கில் தயாராக இருந்தது. ஆடித் தள்ளுபடி. பாதித் தமிழ்நாடு தி. நகரில் நசுங்கிக்கொண்டிருக்கும் மாதம். பழைய கடையில் கூப்பிட்டிருக்கிறார்கள், பூஜை, அப்படியே துணி எடுக்கப் போகிறோம் என்றால் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கல்யாணம் இல்லக்கா. கோர்ட்டுக்குப் போறோம். எங்க பையன் போதை மாத்திரை போடறான். அவனைப் பார்த்துக்கிட்டிருந்தவரைப் புடிச்சு வச்சிருக்காங்க. அவருக்காகச் சொல்லப் போறோம்," என்றாள்.

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல். எதிர்வீட்டம்மா கையில் இருந்த வேப்பிலையைச் செருகி முடித்தார். பிறகு, சரி, பார்த்துப் போய்ட்டு வாங்க என்றார். வேறு என்ன சொல்வார். ஆட்டோவில் ஏறினோம். சொல்லப் போகிறோம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிற விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். அவளிடம் கேட்கவில்லை. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பட்டில் வேர்க்கிறது என்றாள்.

கோர்ட் வராந்தாவில் ஐந்தாறு குடும்பங்கள் வந்திருந்தன. அதிலும் இரண்டு பேர் பட்டில். எங்களைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் தெருவிலும் இதே கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். என்ன பதில் சொன்னார்களோ.

மயிலாப்பூர் மாமி கடைசியாக வந்தார். வெளுத்துப்போன வாயில் புடவை, அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்தது போல. பட்டு உடுத்தி ஏமாற்ற அவருக்கு இனி யாரும் இல்லை. கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். மாமி எங்கள் யாரையும் பார்க்காமல் நேராக வக்கீலிடம் போனார்.

"சிவப்பு எங்காத்துப் பையனோடது. பேர், விலாசம் எல்லாம் எழுதிக்கோ. அவர் வெளில இருந்தவரைக்கும் மாத்திரை அவர்ட்ட இருந்தது. அவரை உள்ள வச்சப்பறம் எம்புள்ளைகிட்டயே இருந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லணும்."

வக்கீல் பேனாவைத் திறந்தார், ஆனால் உடனே எழுதவில்லை. மாமியின் கணவர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். என் மனைவி நகர்ந்து மாமி பக்கத்தில் போய் நின்று, பச்சை எங்களோடது என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், மஞ்சள் என்றது. ராயப்பேட்டை அம்மா, ஊதா என்றார். இத்தனை நாளும் எவரும் வெளியே சொல்லாத கலர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சை அடைத்தது என்று எழுதினால் பொய்யாகும். கால் மரத்துப்போனால் முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமே, அந்த அளவுக்குத்தான் இருந்தது. அதுவே ரொம்ப நாளைக்கப்புறம்.

மனுவைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டு வாங்கினார் வக்கீல். எதிரே இருந்த டைப் அடிக்கிற கடையில் வரிசையில் நின்று அவரவர் வாக்குமூலத்தை அடித்து வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். மகன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னவள் என் மனைவி.

ஜாமீன் சில நாள் கழித்துக் கிடைத்தது. வழக்கு இன்னும் இருக்கிறது. தினமும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்த மறுநாள் காலையில் சிந்தாதிரிப்பேட்டைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். அதே அரைக்கைச் சட்டை. அவரோடு மயிலாப்பூர் மாமியும் வந்திருந்தார். முதலில் மாமி வீட்டுக்குத்தான் துக்கம் கேட்கப் போயிருக்கிறார். அங்கிருந்து மாமியும் கிளம்பி வந்திருக்கிறார்.

மகன் அறையிலிருந்து தானாக எழுந்து வந்தான். கையில் ஒரு கவர். இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தான். யாரும் கேட்காமல் அவரிடம் நீட்டினான். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடக் கூடாது நைனா. தொட்டா மறுபடி உள்ள வச்சிருவாங்கோ. டாக்டராண்ட கூட்டிக்கினு போறேன், கூட உக்காந்துக்கினு இருக்கேன். இத மட்டும் என்னால வாங்க முடியாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. என் மனைவி ஓரடி முன்னால் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். மகன் அழுதால் கொடுத்துவிடுவாள் என்பது அவளுக்கே தெரியும்.

மாமி கையை நீட்டினார். "எங்கிட்ட குடு. நான் உன்னைப் பெத்தவ இல்லை. நீ அழுதாலும் குடுக்க மாட்டேன்."

அம்மா, உங்களையும் பிடித்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். பிடிக்கட்டும் என்றார் மாமி. மகன் கவரை அவர் கையில் வைத்தான். என் மனைவி அடுப்படிக்கு ஓடி, பூ சுற்றி வந்தது, கருவேப்பிலை கட்டி வந்தது என்று ஆணியில் மாட்டி வைத்திருந்த ரப்பர் பேண்டுகளைக் கிளறினாள். பச்சை ஒன்றுகூட இல்லை. மாமி தன் கைப்பையைத் திறந்து உள்ளே துழாவினார்.

"எங்கிட்ட சிவப்புதான் இருக்கு. பரவால்லையா?" என்று மகனைக் கேட்டார்.

அவன் தலையாட்டினான். மாமி அதைக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலம்பர வரேன் என்றார்.